காலர் அக்காவும் கரண்ட் பிரஷ்ஷும்

சட்டை போடுகிற யாரும் தன் காலரைத் தைத்தது யார் என்று கேட்பதில்லை. கேட்டால், அந்த ஆலையிலிருந்து கப்பலேறிய சட்டைகளில் பாதிக்கு ஒரே பதில்தான் வரும்: காலர் அக்கா. சட்டைக் கை தைக்கிறவர்கள், பை தைக்கிறவர்கள், பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவர்கள் எல்லாம் அங்கே வருவார்கள், சூப்பர்வைசரோடு முறைத்துக்கொள்வார்கள், வேறு ஆலைக்குப் போய்விடுவார்கள். காலர் அக்கா மட்டும் கல்யாணமான மறுவருடம் உட்கார்ந்த ஜன்னலோர மெஷினை விட்டு அசையவில்லை. மகள் வயிற்றில் இருந்தபோதும் அந்த மெஷின்தான். அதே மகள் படித்து முடித்து வெளியூரில் வேலைக்குப் போனபோதும் அந்த மெஷின்தான்.

காலர் தைப்பதை லேசாக நினைத்துவிடக் கூடாது. நேர்த்தையல் யாருக்கும் வரும். காலரில் வளைவு உண்டு, முனை உண்டு. முனைக்கு வந்ததும் ஊசியைத் துணிக்குள்ளேயே நிறுத்தி, முழங்காலால் பக்கத்துத் தகட்டைத் தள்ளி துணியை அழுத்திப் பிடிக்கிற மெஷின் பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, பாதத்தை இறக்கி, மறுபடி காலால் மிதித்து ஓட்ட வேண்டும். அக்காவுக்கு இதெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். ஊசி இருக்கிற இடத்திலேயே ஏறி இறங்கும், நகர வேண்டியது துணிதான். இந்த ஒரு விஷயம் அவள் கைகால்களில் அப்படி ஊறிப்போயிருந்தது.

அவளிடம் இன்னொரு குணமும் உண்டு. நன்றி சொல்வதில் கஞ்சத்தனமே கிடையாது. நூல்கண்டு எடுத்துக் கொடுத்தால் நன்றி, வழி விட்டால் நன்றி, மழை நின்றால் வானத்தைப் பார்த்து ஒரு நன்றி. "உன் பொண்டாட்டி தேங்க்ஸ் சொல்றதுக்குன்னே பொறந்தவடா" என்று அவள் கணவரிடம் நண்பர்கள் கேலி செய்வார்கள். "எனக்கு மட்டும் சொல்ல மாட்டா, நான் செய்யறதெல்லாம் கடமையாம்" என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கணவரைத் தெருவே டிரைவர் என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். வாய் ஓயாத மனிதர். பிள்ளைகள் ஏறும்போது ஒரு ஜோக், இறங்கும்போது ஒரு ஜோக், இரண்டுக்கும் முதலில் சிரிப்பவரும் அவரே. சிரித்தால் தோள் குலுங்கும், பஸ்ஸே குலுங்குவதாகப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லும்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், நாலு நாளில் விட்டுவிட்டது. ஆனால் போகிற போக்கில் நரம்பைத் தொட்டுவிட்டுப் போனது. ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கப் போனவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு கையும் விழுந்தன, மறுநாள் முகத்தின் இடது பக்கம் தொங்கிப்போனது, அதற்கும் மறுநாள் மூச்சு விடுவதற்கே குழாய் வைத்தார்கள். "போனதெல்லாம் திரும்பி வரும்மா. ஆனா அதோட இஷ்டத்துக்குத்தான் வரும்" என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அக்கா ஆஸ்பத்திரி பெஞ்சில் நாட்களை ஓட்டினாள்.

சொன்னபடியே வந்தது. முதலில் மூச்சு வந்தது, பிறகு கால் வந்தது, பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் அக்கா நர்சுக்கு நன்றி சொன்னாள், துடைக்கிற அம்மாவுக்கு நன்றி சொன்னாள், லிஃப்ட்காரருக்கும் சொன்னாள். அவர் பாவம், எதற்கென்று புரியாமல் தலையாட்டினார். வீட்டுக்கு வந்த பிறகு டிரைவர் சுவரைப் பிடிக்காமல் நடந்தார், டம்ளரை இறுக்கிப் பிடித்தார். ஆனால் தோள் மட்டும் வரவில்லை. எந்தக் கையையும் தானாகத் தூக்க முடியாது, யாராவது தூக்கிவிட்டாலும் ஆட்டி அசைக்க முடியாது. இடது கன்னமும் தொளதொளவென்றே இருந்தது. சிரிப்பு எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

அந்தக் கன்னத்தில்தான் சிக்கல். சாப்பிட்டது அங்கே போய் ஒதுங்கிக்கொள்ளும், அவருக்கே தெரியாது. ஒரு முறை அப்படி ஒதுங்கிக் கிடந்தது தூங்கும்போது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, நுரையீரலில் சளி கட்டி, மறுபடியும் ஆஸ்பத்திரிக் கட்டில். "வாய் சுத்தமா இருக்கணும். காலையில மட்டும் இல்ல, ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கு அப்புறமும் தேய்ச்சுவிடணும். இன்னொரு தடவை இப்படி வந்தா தாங்கமாட்டார்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நிரந்தரமாகக் குடியேறியது. டிரைவர் அதில் உட்காருவார். அக்கா பக்கத்தில் நின்று சாதா பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்து, மெதுவாகத் தேய்த்து, கன்னத்தை விரலால் வழித்து, வாய் கொப்பளிக்க வைத்துத் துடைத்துவிடுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அவளைக் கண்டால் திறக்கிற வாய், வேறு யார் வந்தாலும் பூட்டிக்கொள்ளும். ஆண் நர்ஸ் ஒருவரை வைத்துப் பார்த்தார்கள், அவர் கெஞ்சிக் கூத்தாடியும் நடக்கவில்லை. மகள் லீவு போட்டு வந்தபோதுகூட, "நீ போம்மா, அம்மா வரட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆலையில் சூப்பர்வைசர் நல்ல பெண். விடுப்பை நீட்டி நீட்டிக் கொடுத்தாள். ஆனால் அவளுக்கும் மேலே ஆள் இருக்கிறதே. ஒருநாள் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அக்கா, வர்ற திங்கக்கிழமை நீங்க வந்தே ஆகணும். அதுக்கு மேல உங்க மெஷினை என்னால பிடிச்சு வைக்க முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க." அக்கா இதற்கும் நன்றிதான் சொன்னாள். போனை வைத்த பிறகு சமையலறைக்குள் போய், அடுப்பைப் பற்றவைக்காமலே அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

காலையும் இரவும் அவளே தேய்த்துவிடலாம். மத்தியானம்? மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வாயை யார் திறக்கவைப்பது? இதற்கு ஒரு வழி பிறந்தால் வேலை உண்டு, வீடு உண்டு. பிறக்காவிட்டால் மெஷின் வேறொருத்திக்குப் போகும். அவளுக்கு வேறு தொழிலும் தெரியாது.

டிரைவருக்கு ஒரு அக்கா. காலர் அக்காவுக்கு நாத்தனார். ஒரு விடுதிச் சமையல்கூடத்தில் பாத்திரம் கழுவும் பிரிவை ஆண்டு அனுபவித்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனசு, இரும்பான கை. தம்பிக்குப் பகலில் துணையாக இருக்கிறேன் என்று அவரே முன்வந்தார். ஊட்டினால் டிரைவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அந்தத் தைரியத்தில் நாத்தனார் பிரஷ்ஷையும் எடுத்தார்.

"வாயைத் தொறடா. சின்னப் புள்ளையில உனக்கு நான் பல்லு வெளக்கிவிடலயா?"

டிரைவர் மரியாதைக்காகத் திறந்தார். அவ்வளவுதான். அடிப்பிடித்த அண்டாவைத் தேய்த்துப் பழகிய கை, தேய்த்த தேய்ப்பில் ஈறு கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. நாத்தனார் பதறிப்போய் பிரஷ்ஷைக் கைகழுவும் தொட்டியில் போட்டார். டிரைவர் உதட்டை இறுக்கி மூடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இந்தச் சேதி மகளுக்குப் போனது. மகள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"ம்மா, நான் கரண்ட் பிரஷ் ஒண்ணு அனுப்பறேன். சார்ஜ் போட்டா அதுவே சுத்தும். யாரும் போட்டுத் தேய்க்க வேண்டாம். ரொம்ப அழுத்தினா தானா நின்னுடும். அத்தை கைக்கு அதுதான் சரி."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அத்தைக்குச் சுருக்கென்றது. "ஏண்டி, பல்லு தேய்க்க மெஷினு. நாளைக்கு மெல்றதுக்கு ஒரு மெஷினு வாங்கித் தருவியா? பூ மாதிரி மெத்துனு சாதா பிரஷ் கடையில தொங்குது. நான் அதை வாங்கிக்கறேன், கையையும் அடக்கிக்கறேன்."

"உங்க கையை நீங்க அடக்குவீங்களா அத்தை? கதவு தட்டினா கதவு கையோட வந்துடும்."

"இவ வாயைப் பாரேன். அப்பனை உரிச்சு வெச்சிருக்கு."

சாதா பிரஷ்ஷா, கரண்ட் பிரஷ்ஷா என்று அத்தையும் தம்பி மகளும் அரைமணி நேரம் வழக்காடினார்கள். யாருடைய வாயைப் பற்றிப் பேச்சோ அந்த ஆள் கட்டிலில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடங்கிய பிறகு காலர் அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"என் வாய்க்கு நான்தான் ஓனர்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார் டிரைவர், குழறலாக. பிறகு விட்டத்தைப் பார்த்தபடியே, "அந்த மெஷின் வாய்க்குள்ள ஏடாகூடமா ஓடுச்சுன்னா, பிடுங்கி எறியக்கூட எனக்குக் கை வராது. அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு" என்றார்.

பஸ்ஸில் ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்கின மனிதர், ஒரு பிரஷ்ஷுக்குப் பயப்படுகிறேன் என்று சொன்னபோது அக்கா அவர் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நான் இருக்கேன்ல" என்று மட்டும் சொன்னாள். திங்கட்கிழமை மத்தியானம் தான் இருக்கப் போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது. கைப்பிடி தடிமனாக, டார்ச் லைட் பருமனுக்கு இருந்தது. தலை மட்டும் சின்னப் பொத்தான் அளவு. அக்கா சார்ஜ் போட்டு, மகள் சொன்னதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். போட்டுத் தேய்க்கக் கூடாது, அதுவே தேய்க்கும். பேஸ்ட்டை வைத்து, பெருமையாக ஸ்விட்சை அழுத்தினாள். வாய்க்குள் வைத்த பிறகுதான் அழுத்த வேண்டும் என்பதை மகள் சொல்ல மறந்திருந்தாள். பேஸ்ட் கண்ணாடியில் பாதி, அக்காவின் நெற்றியில் பாதி என்று தெறித்தது. டிரைவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பயப்படாதீங்க. இப்ப சரியா பண்றேன்."

இரண்டாம் முறை பிரஷ்ஷைக் கடைவாய்ப் பல்லில் வைத்துவிட்டு ஸ்விட்சைத் தட்டினாள். பிரஷ் விர்ரென்று ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அவளுக்குள் என்னவோ மாறிவிட்டது. முதுகு நிமிர்ந்தது. வலது முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டது. பிரஷ் பிடித்த கை ஆடாமல் அசையாமல் அந்தரத்தில் நின்றது. இடது கை மட்டும் கணவரின் முகவாயைப் பிடித்து, மெதுவாக, ஒரே சீராக, பிரஷ்ஷுக்குக் கீழே தள்ளத் தொடங்கியது.

டிரைவர் கண்ணைத் திறந்தார். பிரஷ் நகரவில்லை, தன் தலைதான் போய்க்கொண்டிருக்கிறது என்பது அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஓரக்கண்ணால் கீழே பார்த்தார். மனைவியின் வலது பாதம் குளியலறைத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. கோரைப்பல் வந்தது, வரிசை வளைகிற இடம். அக்கா ஸ்விட்சை நிறுத்தினாள். அவள் முழங்கால் வெடுக்கென்று பக்கவாட்டில் போய், அங்கே இருந்த தண்ணீர் வாளியை டங்கென்று இடித்தது. கணவரின் முகத்தை முன்பக்கமாகத் திருப்பினாள். மறுபடி ஸ்விட்ச், மறுபடி பாதம், முகவாய் புறப்பட்டது. அடுத்த கோரைப்பல்லில் மறுபடி நிறுத்தம், மறுபடி வாளி, மறுபடி டங்.

டிரைவரின் உடம்போடு சேர்ந்து தோளும் குலுங்கியது. அக்கா வலிக்கிறதோ என்று பயந்து பிரஷ்ஷை வெளியே எடுத்தாள். எடுத்ததும் நுரையெல்லாம் அவள் புடவை மேல் வந்து விழுந்தது. மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் ஒத்துழைக்காமல், வலது பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"என்ன? என்னாச்சு? சொல்லிட்டுச் சிரிங்க."

"காலர் தைக்கறே" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே. "என் மூஞ்சியை வெச்சுக் காலர் தைக்கறே நீ."

அக்கா கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்த வாளியைப் பார்த்தாள். அப்புறம் அவளும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு நடுவில் அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பாக மாறியது. எத்தனை மாதம் கழித்து இந்தச் சிரிப்பு. வெளியே நாத்தனார் கதவைத் தட்டி, "உள்ள என்ன நடக்குது?" என்று கேட்டார்.

முதலில் அடங்கியவர் டிரைவர்தான். வாயைத் துடைத்துவிட்ட துண்டையும், மனைவி கையிலிருந்த பிரஷ்ஷையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தா, அதை என் கையில குடு."

"உங்களுக்குக் கை தூக்க வராதேங்க."

"தூக்க வேண்டாம். நீ ஆட்டினியா? பிரஷ் சும்மாத்தான நின்னுது? நான்தான ஆடினேன்? சும்மா பிடிக்கறதுக்கு எனக்கு முடியும். ஸ்விட்சும் என் கட்டைவிரல்ல இருக்கும். பிரேக் நம்மகிட்ட இருந்தா வண்டி எப்படி ஓடினா என்ன?"

அக்கா தரையிலிருந்து எழுந்தாள். சாதா பிரஷ் என்றால் தோளும் முழங்கையும் ஓயாமல் ஆட வேண்டும். அதுதான் அவரிடம் இல்லை. இதற்குக் கை அசையவே வேண்டாம், பிடித்துக்கொண்டு நின்றால் போதும். பிடி மட்டும் அவருக்கு வந்துவிட்டது. இதை மகளும் யோசிக்கவில்லை, தானும் யோசிக்கவில்லை, கை கால் பழக்கதோஷத்தில் உளறிக் கொட்டியதில் வெளியே வந்திருக்கிறது. தன் முழங்காலுக்கே ஒரு நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

துண்டை நாலாக மடித்துத் தொட்டி விளிம்பில் போட்டாள். அவர் முழங்கையைத் தூக்கி அதன் மேல் ஊன்றினாள். தடித்த கைப்பிடி அவர் உள்ளங்கையில் வசமாக உட்கார்ந்தது. டிரைவர் குனிந்து வாயைப் பிரஷ்ஷிடம் கொண்டுபோனார். கட்டைவிரல் ஸ்விட்சைத் தேடியது. முதல் ஓட்டத்தில் பிரஷ் மூக்கைத் தேய்த்தது, இரண்டாவதில் மீசையைத் தேய்த்தது. மூன்றாவதில் பல்லைப் பிடித்துவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்கிற பிள்ளை மாதிரி தலையை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பினார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை. முழங்கையை எடுத்துத் தொட்டி மேல் வைப்பதுதான் தடையாக இருந்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். நாற்காலியில் இருந்தபடியே உடம்பை முன்னால் வீசினால் கையும் கூட ஏறி விளிம்பில் விழுந்தது. பிரஷ் நழுவாமலிருக்க அக்கா ஒரு துணி வளையம் தைத்து அதில் மாட்டி, அவர் மணிக்கட்டில் போட்டுவிட்டாள். முடிந்ததும் கன்னத்தை நாக்கால் தள்ளித் துழாவிப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தாள். ஒரு முறை நன்றாக வரும், மறுமுறை கை சோர்ந்து சரிந்துவிடும். ஞாயிறு இரவு கடைசியாகச் செய்து பார்த்தபோது சரிந்துவிட்டது. அக்கா மிச்சத்தைத் தானே தேய்த்துவிட்டாள்.

திங்கட்கிழமை கிளம்பும்போது நாத்தனாரிடம், "அண்ணி, முடியலன்னா எனக்குப் போன் பண்ணுங்க. நான் லீவு சொல்லிட்டு வந்துடறேன்" என்றாள். வந்துவிட்டால் மறுநாள் போக மெஷின் இருக்காது என்பதைச் சொல்லவில்லை. நாத்தனாருக்கும் தெரிந்தே இருந்தது.

ஆலையில் எல்லோரும் சுற்றி வந்து விசாரித்தார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, மெஷினுக்கு எண்ணெய் விட்டு உட்கார்ந்தாள். கை வேலையை மறக்கவில்லை. மனசுதான் இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவைத் திறக்காமல் படிக்கட்டுக்கு ஓடிப்போய்ப் போன் போட்டாள்.

"சாப்பிட்டானா? சாப்பிட்டான்" என்றார் நாத்தனார், கேட்பதற்கு முன்பே, ரகசியக் குரலில். "பேஸ்ட் வெச்சு, வளையத்தைக் கையில மாட்டிவிட்டேன். இப்பத்தான் உள்ள போனான். என்னை வெளிய நிக்கச் சொல்லிட்டுக் கதவைக் காலால சாத்திட்டான். நான் சாதா பிரஷ்ஷைக் கையில வெச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கறேன்."

"போனைக் கதவுகிட்ட வைங்க அண்ணி."

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஏதோ தொம்மென்று விழுந்த சத்தம். அக்கா படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கையா, ஆளா? பிறகு, தூரத்தில், விர்ரென்று அது ஓடத் தொடங்கியது. ஓடியது. நின்றது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கை சோர்ந்துவிட்டது, சரிந்துவிட்டது, அவ்வளவுதான், கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தாள். மறுபடி ஓடியது. இப்படி நின்று நின்று, இளைப்பாறி இளைப்பாறி, ஒரு ஆளுக்குப் பல் தேய்க்க இவ்வளவு நேரமா என்று யாரும் கேட்கிற அளவுக்கு அந்தச் சத்தம் நீண்டது. அக்கா ஒரு விநாடியைக்கூட விடாமல் கேட்டாள். தண்ணீர்ச் சத்தம் வந்தது. கொப்பளித்துத் துப்பும் சத்தம் வந்தது. கதவு திறந்தது.

"யாரு போன்ல?" என்று டிரைவர் கேட்பது கேட்டது. நாத்தனார் போனை அவர் காதில் வைத்திருக்க வேண்டும். அவர் மூச்சு இரைத்தது.

"முடிச்சிட்டேன்" என்றார். "கன்னம், ஓரம், எல்லாம் பார்த்துட்டேன். நீ இன்னும் சாப்பிடல, இல்ல?"

அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் சொன்ன அந்த ஒரு வார்த்தையை, இத்தனை வருடத்தில் அவருக்கு மட்டும் சொல்லாத அந்த வார்த்தையை, படிக்கட்டில் நின்றபடி முதல் முறையாக அவரிடம் சொன்னாள்.

"எதுக்கு? என் பல்லை நான் தேய்ச்சதுக்கா?" என்றார் டிரைவர். "மணியாவுது. போய்ச் சாப்பிடு."